டக் வராத துறைமுகத்தில் எதை நம்பலாம்: நங்கூரமா, திரஸ்டரா, சுக்கானா?

வட ஐரோப்பாவில் கோஸ்டர் என்று சொல்லப்படும் சிறு சரக்குக் கப்பல்களில் 88 மீட்டர் நீளம், 13 மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம் என்பது அடிக்கடி கண்ணில் படும் அளவு. இதற்கு ஒரு காரணம் ஸ்வீடனின் ட்ரோல்ஹெட்டன் கால்வாய். ஆறும் கால்வாயுமாக 82 கிலோமீட்டர் ஏறிப் போனால் வேனெர்ன் ஏரி வரும். வழியில் கப்பலை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் 6 லாக்குகள், மொத்த ஏற்றம் 44 மீட்டர். அந்த லாக் தொட்டிகளுக்குள் இதைவிடப் பெரிய கப்பல் அடங்காது. இந்தக் கப்பல்கள் ஏற்றுவது மரம், காகிதம், தானியம் போன்ற சரக்கு. வாடகை பெரிதாகக் கிடைக்காது. ஒவ்வொரு சிறு துறைமுகத்திலும் இழுவைக் கப்பலுக்கு, அதாவது டக்குக்கு, பணம் கட்டினால் பயணத்தின் லாபம் அதிலேயே போய்விடும். பல இடங்களில் கட்டலாம் என்று நினைத்தாலும் டக் கிடையாது.

ஆகவே கப்பல் தானே திரும்பி, தானே பெர்த்தில், அதாவது கரையோரம் கப்பலைக் கட்டும் இடத்தில், ஒட்டி, தானே கிளம்ப வேண்டும். அப்படி ஒரு கப்பலைப் பழையதாக வாங்கப் போகிறவர், அல்லது கையில் இருப்பதை டிரை டாக்கில் (நீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் தொட்டியில்) ஏற்றி மாற்றப் போகிறவர் எதில் பணம் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரே புரொப்பெல்லர், 1,500 முதல் 2,000 கிலோவாட் வரை மெயின் இன்ஜின், ஏழெட்டுப் பேர் கொண்ட ஊழியர் குழு என்று வைத்துக்கொள்வோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான முதலாளிகள் முதலில் கேட்பது பௌ திரஸ்டர், அதாவது மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு புரொப்பெல்லர். நான் முதலில் பார்ப்பது சுக்கான், வாலில் புரொப்பெல்லருக்குப் பின்னால் திரும்பும் தகடு.

ஏன் என்று சொல்ல, கப்பல் எப்படித் திரும்புகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டைப் போலக் கப்பலும் பின்னாலிருந்துதான் திரும்பும். சுக்கானை வலப்பக்கம் போட்டால் முதலில் வால் இடப்பக்கம் ஒதுங்கும், அதன் விளைவாக மூக்கு வலப்பக்கம் போகும். கப்பல் முன்னே போகும்போது சுழலும் புள்ளி மூக்கிலிருந்து நீளத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். பின்னே வரும்போது அது வால் பக்கம் நகர்ந்துவிடும். நின்ற நிலையில் ஏறக்குறைய நடுவில். எந்தக் கருவியை எங்கே வைத்தால் நெம்புகோல் நீளமாகக் கிடைக்கும் என்பதை இந்தப் புள்ளிதான் முடிவு செய்கிறது.

அப்புறம் காற்று. மாலுமிகள் கைக்கணக்காக வைத்திருக்கும் சூத்திரம் எளிது. காற்றின் வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 18 ஆல் வகுத்தால், காற்றை நேராக வாங்கும் ஒவ்வொரு 1,000 சதுர மீட்டர் பக்கப் பரப்புக்கும் எத்தனை டன் தள்ளும் என்று கிடைக்கும். நம் கோஸ்டர் காலியாக வரும்போது பக்கப் பரப்பு 600 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் காற்றில், அதாவது சுமார் 20 நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), 3.3 டன். 15 மீட்டர் காற்றில் 7.5 டன். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தள்ளுவிசை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த 7.5 டன்னோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

முதல் வழிக்குச் செலவே இல்லை. இருக்கிற புரொப்பெல்லர், இருக்கிற சுக்கான், நங்கூரம், கயிறு. வலப்பக்கம் சுழலும் சாதாரண புரொப்பெல்லரைப் பின்னோக்கி ஓட்டினால் வால் இடப்பக்கம் இழுபடும். இதைத் தெரிந்த கேப்டன் இடப்பக்கம் பெர்த் வரும்படி ஒரு சிறு கோணத்தில் மெதுவாக நெருங்குவார். கடைசியில் பின்னோக்கி ஒரு தட்டு தட்டினால் கப்பலும் நிற்கும், வாலும் தானாக உள்ளே வந்து பெர்த்தோடு இணையாகப் படுக்கும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். வலப்பக்கம் ஒட்ட வேண்டிய பெர்த் என்றால் அதே விளைவு எதிரி. நிறுத்தப் பின்னோக்கிப் போட்ட மாத்திரத்தில் வால் வெளியே ஓடும்.

நங்கூரத்தை இழுத்துக்கொண்டே வருவது இந்த வழியின் உச்சம். நீர் ஆழத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குச் சங்கிலி மட்டும் விட்டால் நங்கூரம் பிடிக்காது, சேற்றில் இழுபட்டுக்கொண்டே வரும். மூக்கை அது அடக்கி வைத்திருக்கும். கப்பலின் வேகத்தைக் கூட்டாமல் இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி கொடுக்க முடிவதால், சுக்கானில் நல்ல நீரோட்டம் அடித்துக் கப்பல் சொன்ன பேச்சைக் கேட்கும். கிரேக்கத் தீவுகளில் ஓடும் ஃபெரிகள் இதன் இன்னொரு வடிவத்தைத் தினமும் செய்கின்றன. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்னோக்கி வந்து, வாலில் உள்ள சாய்தளக் கதவைத் துறைமேடையில் இறக்கி, வண்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுகின்றன.

கிளம்பும்போது ஸ்பிரிங் கயிறு உதவும். மூக்குப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகும் ஒரு கயிற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி, சுக்கானைப் பெர்த் பக்கம் திருப்பி, இன்ஜினை மெதுவாக முன்னே போட்டால் வால் வெளியே திறக்கும். அதன்பின் பின்னோக்கிப் போய்விடலாம். ஆனால் இறுகிய கயிறு அறுந்தால் ஆளைக் கொல்லும். ஏழெட்டுப் பேர் உள்ள கப்பலில் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நிற்பதே பெரிது. நங்கூரத்துக்கும் வரம்பு உண்டு. கடலடிக் கேபிளோ குழாயோ போகும் இடத்தில் போட முடியாது. பாறைத் தரையில் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: பின்னோக்கிப் போக நின்று, எதிர்த்திசையில் மறுபடி கிளம்பும் வகை இன்ஜின் என்றால் ஒவ்வொரு முன்-பின் மாற்றத்துக்கும் அழுத்தக் காற்று செலவாகும். காற்றுக் கலங்களை மீண்டும் நிரப்பாமல் 12 முறை கிளப்ப முடிய வேண்டும் என்பது விதி. இடுக்கான இடத்தில் பதற்றத்தோடு தட்டிக்கொண்டே இருந்தால் 12 என்பது பெரிய எண் இல்லை.

சரி, பௌ திரஸ்டருக்கு வருவோம். மூக்கின் அடியில் குறுக்காக ஒரு குழாய், அதற்குள் ஒரு சிறு புரொப்பெல்லர். பொத்தானைத் தள்ளினால் மூக்கு போகும். யாருக்குத்தான் பிடிக்காது? 100 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய ஒரு டன் என்பது இதன் கைக்கணக்கு. 300 கிலோவாட் திரஸ்டர் என்றால் 400 குதிரைத்திறன், ஆக 4 டன். மேலே போட்ட 7.5 டன்னில் பாதியை மூக்கில் தாங்க இது போதும், மிச்சம் பெரிதாக இருக்காது.

மீதிப் பாதியை யார் தாங்குவது? காற்று முழுக் கப்பலையும் தள்ளுகிறது, திரஸ்டர் ஒரு முனையை மட்டும் பிடிக்கிறது. 300க்குப் பதில் 500 கிலோவாட் போட்டாலும் வால் காற்றோடு போய்க்கொண்டேதான் இருக்கும், மூக்கு மட்டும் முன்னைவிடப் பலமாக நிற்கும். திரஸ்டரைப் பெரிதாக்குவதில் பணம் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

வேகமும் இதற்கு ஆகாது. கப்பல் 2 நாட்டைத் தாண்டினால் திரஸ்டரின் பலன் குறைய ஆரம்பிக்கும். 4, 5 நாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. குழாயிலிருந்து வெளியே வரும் நீர்த்தாரை கப்பலின் உடலோடு பின்னால் வளைந்து ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே கால்வாயில் கரை ஒரு பக்கம் இழுக்கும்போது திரஸ்டர் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. பின்னோக்கி மெதுவாக வரும்போது மட்டும் இது அருமையாக வேலை செய்யும். சுழலும் புள்ளி வாலுக்குப் போய்விடுவதால் திரஸ்டருக்கு நீளமான நெம்புகோல் கிடைக்கிறது, கிட்டத்தட்ட அதையே சுக்கானாக வைத்துக்கொண்டு பின்னே வரலாம்.

காலியாக வரும் கோஸ்டருக்கு இன்னொரு தொல்லை உண்டு. சரக்கு இல்லாதபோது மூக்கு தூக்கிக்கொள்ளும். குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கினால் திரஸ்டர் காற்றை உறிஞ்சும், சத்தம் நிறைய, தள்ளுதல் கொஞ்சம். காற்று அதிகம் பிடிப்பதும் அதே காலிக் கப்பலைத்தான். தேவை மிகுந்த நேரத்தில் கருவி மெலிந்து நிற்கிறது. முன் பாலஸ்ட் தொட்டியை, அதாவது எடைக்காக நீர் ஏற்றும் தொட்டியை, நிரப்பி மூக்கை இறக்கலாம், அதற்கு நேரமும் முன்யோசனையும் வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பல கோஸ்டர்களில் திரஸ்டருக்கு மின்சாரம் மெயின் இன்ஜினின் தண்டோடு இணைந்த ஜெனரேட்டரிலிருந்து வரும். மெயின் இன்ஜின் நின்றால் திரஸ்டரும் நிற்கும். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பலுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அது நம் கோஸ்டரைவிட எத்தனையோ மடங்கு பெரியது என்றாலும் அதற்கும் ஒரே புரொப்பெல்லர்தான். டக்குகள் விட்டுப் போன பிறகு மின்சாரம் போயிற்று, மெயின் இன்ஜின் நின்றது, புரொப்பெல்லர் சுழலாததால் சுக்கானுக்கு வேகமான நீரோட்டம் இல்லை. ஏறக்குறைய 8 நாட் வேகத்தில் இருந்த கப்பலுக்கு பௌ திரஸ்டர் இயங்கியிருந்தாலும் உதவியிருக்காது. கடைசியில் நங்கூரம் போட்டார்கள். பாலத்தின் தூணில் மோதுவதைத் தடுக்க அது போதவில்லை, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். எந்தக் கருவி வாங்கினாலும் இடுக்கில் நுழையும்போது நங்கூரத்தை இறக்கத் தயாராக ஒரு ஆளை முன்னால் நிறுத்தி வைப்பது இதற்காகத்தான்.

மூக்கிலும் வாலிலும் இரண்டு திரஸ்டர் வைத்தால் என்ன? அமெரிக்கப் பெருஏரிகளில் அதைத்தான் செய்கிறார்கள். கிளீவ்லாந்தின் குயஹோகா ஆற்றில் 190 மீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள கப்பல்கள் வளைவுக்கு வளைவு மூக்கையும் வாலையும் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டு, டக் இல்லாமல் எஃகு ஆலைவரை போகின்றன. அதே ஏரிகளின் சூ லாக்குகளில் 105 அடி அகலக் கப்பல் 110 அடி அகலத் தொட்டிக்குள் நுழைகிறது, பக்கத்துக்கு இரண்டரை அடி. பிரமிப்பான வேலை. ஆனால் 88 மீட்டர் கோஸ்டரின் வால் ஒல்லியானது, ஒரே புரொப்பெல்லரும் இன்ஜின் அறையும் அங்கேயே அடைத்துக்கொண்டிருக்கின்றன. இன்னொரு குழாய்க்கு நல்ல இடம் கிடைப்பது அரிது.

அங்கேதான் சுக்கான் வருகிறது. சாதாரணச் சுக்கான் 35 பாகை வரை திரும்பும். அதற்கு மேல் திருப்பினால் நீரோட்டம் தகட்டை விட்டுப் பிரிந்துவிடும், பலன் விழும். பெக்கர் வகைச் சுக்கானில் பின்விளிம்பில் ஒரு ஃபிளாப் கீல் போட்டு மாட்டியிருக்கும். சுக்கான் திரும்பும்போது ஃபிளாப் அதைவிடக் கூடுதலாக மடங்கும். புரொப்பெல்லரிலிருந்து வரும் தாரை பெருமளவு பக்கவாட்டில் திரும்பிவிடும். ஷில்லிங் வகை வேறு மாதிரி. அதில் ஃபிளாப் இல்லை, குறுக்குவெட்டு மீன்வால் போல விரிந்து முடியும், 70 பாகை வரை திருப்பலாம். இரண்டிலும் நடப்பது ஒன்றே. மெயின் இன்ஜினின் சக்தி வாலைப் பக்கவாட்டில் தள்ளும், கப்பல் முன்னே ஓடுவது குறையும்.

மெயின் இன்ஜினின் சக்தி 1,500 கிலோவாட்டுக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிறு பங்கைப் பக்கவாட்டில் திருப்பினாலே 300 கிலோவாட் திரஸ்டருக்கு ஈடான வாலிழுப்பு கிடைக்கும். அதற்கென்று புதிய ஜெனரேட்டர் வேண்டாம், புதிய குழாய் வேண்டாம். மூக்கில் சிறு திரஸ்டர் இடப்பக்கம் தள்ள, சுக்கானை முழுக்க வலப்பக்கம் போட்டு முன்னே ஒரு உதை கொடுத்தால் வாலும் இடப்பக்கம் போகும். கப்பல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். காலிக் கப்பலில் மூக்கு தூக்கினாலும் வால் நீரில் ஆழமாகவே இருக்கும் என்பதால், திரஸ்டர் சொதப்பும் நேரத்திலும் சுக்கான் வேலை செய்யும். கால்வாயில் 5 நாட்டில் போகும்போதும் வேலை செய்யும். கரையின் இழுப்பை எதிர்த்து உடனே ஒரு பலமான திருப்பு கிடைப்பது அங்கே உயிர்நாடி.

குறையும் இருக்கிறது. சிறப்புச் சுக்கான் முன்னோக்கிய தாரையில்தான் ஜொலிக்கும். பின்னோக்கி இழுக்கும்போது சாதாரணச் சுக்கானைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஃபிளாப்பின் கீலும் அதன் அச்சைத் தாங்கும் புஷ்ஷும் தேயும், ஆடும், டிரை டாக்கில் கவனிக்காமல் விட்டால் உறையில் தட்டித் தட்டி உடைக்கும். ஷில்லிங்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் 35 பாகைக்குக் கட்டிய பழைய ஸ்டீரிங் கியர், அதாவது சுக்கானைத் திருப்பும் இயந்திரம், 70 பாகை திருப்பாது. அதையும் மாற்ற வேண்டியிருக்கும், செலவு அங்கேதான் ஏறும். முழு வேகத்தில் பெரிய கோணம் போடக் கூடாது என்பதைப் புதிதாக வருகிற அதிகாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

புரொப்பெல்லரின் இறக்கைக் கோணத்தை மாற்றும் வகை உள்ள கப்பலுக்கு ஒரு தனிக் குறிப்பு. கோணத்தை மாற்றும் கைப்பிடியைச் சட்டென்று பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால், சுழன்றுகொண்டே இருக்கும் புரொப்பெல்லர் ஒரு தட்டு போல நின்று சுக்கானுக்குப் போகும் நீரை மறைக்கும். எந்த விலையுயர்ந்த சுக்கானும் அந்தச் சில விநாடிகளுக்குச் செத்துவிடும். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதுதான் மருந்து.

இரட்டைப் புரொப்பெல்லர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் ஓட்டி நின்ற இடத்தில் திரும்பலாம் என்பது உண்மை. ஆனால் 13 மீட்டர் அகலக் கப்பலில் இரண்டு தண்டுக்கும் இடையே 6 மீட்டரோ என்னவோதான் கிடைக்கும், நெம்புகோல் குட்டை. எல்லாமே இரண்டு வாங்க வேண்டும், இரண்டைப் பராமரிக்க வேண்டும். ஒரு இன்ஜின் நின்றாலும் இன்னொன்றில் வீடு திரும்பலாம் என்ற நிம்மதிக்காக வாங்கினால் சரி. பழைய கப்பலில் மாற்றிப் போடும் விஷயமே இல்லை இது.

தாரையையே எந்தப் பக்கமும் திருப்பும் கருவிகள் தனி உலகம். ஜெர்மனியின் ஷோட்டல் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த திரும்பும் புரொப்பெல்லர், அதற்கும் முந்திய 1920களில் ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் வடிவமைத்த ஃபோய்ட் ஷ்னைடர் சக்கரம், 1990இல் ஃபின்லாந்தின் செய்லி என்ற மிதவைப் பராமரிப்புக் கப்பலில் முதலில் மாட்டிய அசிபாட் (மின்மோட்டாரோடு கப்பலின் அடியில் தொங்கித் திரும்பும் புரொப்பெல்லர் கூடு). ஃபோய்ட் வகையில் கப்பலின் அடியில் சுழலும் வட்டில் செங்குத்தான இறக்கைகள் தொங்கும். அவற்றின் கோணத்தை மாற்றினால் தள்ளும் திசை நொடியில் மாறும். இங்கிலாந்தின் லிமிங்டன் ஆற்றைப் போன்ற குறுகிய நீர்வழியில் ஓடும் வைட் தீவு ஃபெரிகளில் இதைப் பார்க்கலாம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ஃபெரிகளில் புதியவற்றிலும் இதுதான். அசிபாட் 1998இல் எலேஷன் உல்லாசக் கப்பலுக்கு வந்தது. அதன்பின் 300 மீட்டர் கப்பல்கள்கூட டக் இல்லாமல் பெர்த்தில் ஒட்டுவது பழகிப்போன காட்சியாகிவிட்டது.

ஒரு நாளில் பல முறை ஒட்டிக் கிளம்புகிற ஃபெரிக்கு இவை கண்ணை மூடிக்கொண்டு சரி. ஒவ்வொரு முறையும் மிச்சமாகும் ஓரிரண்டு நிமிடங்களே செலவைத் திருப்பித் தந்துவிடும். இரண்டு மூன்று நாள் கடலில் ஓடி ஒரு துறைமுகம் தொடும் கோஸ்டருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வாங்கும் விலை ஒரு பக்கம், கியரும் சீலும் நீருக்கடியில் இருப்பதால் சிறு கசிவுக்கும் டிரை டாக் தேட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஆரம்பகாலப் பாட்கள் சிலவற்றில் பேரிங் கோளாறால் உல்லாசக் கப்பல்களின் பயணங்களே ரத்தாகின. நேர்ப்பாதையில் நீண்ட தூரம் ஓடும்போது சாதாரண ஒற்றைப் புரொப்பெல்லர் எரிபொருளில் இவற்றைவிடச் சிக்கனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பழைய கோஸ்டர் வாங்குபவருக்கு என் வரிசை இது: ஏற்கனவே பெக்கரோ ஷில்லிங்கோ இருக்கும் கப்பலைத் தேடுங்கள், கொஞ்சம் வயது கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் 250, 300 கிலோவாட் திரஸ்டர் இருந்தால் போதும், பெரிதாக்க வேண்டாம். சாதாரணச் சுக்கானோடு திரஸ்டரே இல்லாத மலிவுக் கப்பல் என்றால், ஒரு செலவுக்கு மட்டும் பணம் இருந்தால் சுக்கானை மாற்றுங்கள். போகும் துறைமுகங்களில் பெரும்பாலும் பின்னோக்கிப் போய் ஒட்ட வேண்டியிருந்தால் மட்டும் இதைத் தலைகீழாக்கி, திரஸ்டரை முதலில் போடலாம். எந்தக் கூட்டணியானாலும் 15 மீட்டர் பக்கக் காற்றில் காலிக் கப்பலோடு உள்ளே போகாமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பது மலிவு. ஒரு நாள் தாமதத்துக்கு ஆகும் செலவு, வளைந்த பெர்த் தூணுக்கு வரும் பில்லை எட்டாது.

கப்பலைப் பார்க்கப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். பாலஸ்டில் இருக்கும்போது மூக்குப் பக்க நீராழ எண் என்ன, அப்போது திரஸ்டர் குழாய் எவ்வளவு மூழ்கியிருக்கிறது. திரஸ்டருக்கு மின்சாரம் தண்டு ஜெனரேட்டரிலிருந்தா, தனி ஜெனரேட்டரிலிருந்தா. ஃபிளாப்பின் புஷ் தேய்மான அளவு கடைசி டிரை டாக் அறிக்கையில் இருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், ஒரு முழுச் சுக்கான் பழுதுபார்ப்புச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.